கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

'கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது' என்று யாராவது போன் செய்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருது? பெரும்பாலும் உடனே பதில் வராது. பதற்றத்தில் நான்கைந்து முறை திருப்பிப் பார்த்திருப்பார்கள், ஆனால் காது கொடுத்திருக்க மாட்டார்கள். டெல்லியில் இந்த மாதிரி போன்கள் டிசம்பர் பாதியில் தொடங்கி ஜனவரி முழுக்க வரும். மயூர் விஹாரோ ஆர்.கே. புரமோ, பனி மூட்டமான காலையில் அவசரமாகக் கிளம்பும்போதுதான் வண்டி மக்கர் பண்ணும். கார் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட அந்தச் சத்தத்தை வைத்து, கோளாறு எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பேட்டரியா, பெட்ரோலா, சாவியா என்ற அளவுக்குப் பிடிபட்டாலே போதும், தேவையில்லாமல் புது பேட்டரி வாங்கும் செலவு மிச்சம்.

இன்ஜின் தானாக ஓட ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதல் வேலை, நின்றுகொண்டிருக்கும் இன்ஜினை யாராவது சுற்றிவிடுவது. ஒரு காலத்தில் அதை மனிதர்கள்தான் செய்தார்கள். காரின் முன்பக்கம் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912இல் காடிலாக் கார்களில் வந்தபின் அந்த வேலை ஒரு சின்ன மோட்டாருக்குப் போனது. நம் ஊரில் எல்லோரும் 'செல்ஃப்' என்று சொல்வது இந்த மோட்டாரைத்தான். இரண்டாவது வேலை, சுற்றும் இன்ஜினுக்குள் எரிபொருளும் காற்றும் சேர்ந்து தீப்பிடிப்பது. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும். டீசலில் காற்றை அழுத்தும்போது எழும் சூடே பற்றவைத்துவிடும்.

ஆக, செல்ஃப் சுற்றுகிறதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. சுற்றவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மின்சாரப் பக்கம். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, பிளக் சரியா என்று அப்போது ஆராய்வதில் அர்த்தமே இல்லை. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. ஆனால் நடப்பதென்னவோ நேர்மாறு. செல்ஃப் கிர்ர் கிர்ர் என்று ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ஜம்ப்பர் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால்

அதிகம் வரும் கோளாறு இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சாவியைத் திருப்பியதும் 'டக் டக் டக் டக்' என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் சார்ஜ் போதவில்லை. செல்ஃப் மோட்டாரோடு சேர்ந்து சோலனாய்டு என்று ஒரு மின்காந்த ஸ்விட்ச் இருக்கிறது. அதை இழுக்கிற அளவு மின்சாரம் பேட்டரியில் இருக்கிறது. ஆனால் மோட்டாருக்கு இணைப்பு கிடைத்த கணமே வோல்டேஜ் சரிந்துவிடுகிறது, ஸ்விட்ச் விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்த டக் டக் இதுதான். சின்ன பெட்ரோல் காரின் செல்ஃபுக்கே நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். டாஷ்போர்டு விளக்குகளுக்கு அதில் ஒரு துளி போதும். அதனால் 'விளக்கெல்லாம் எரியுதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு' என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு அழுத்தமான 'டக்', அதற்குப் பிறகு அமைதி என்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரியோ அதன் இணைப்போ பலவீனம். வெளிச்சம் குறையாமல் நின்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டார், சோலனாய்டு பக்கம் திரும்புகிறது. இரண்டு பேர் இருந்தால் இந்தச் சோதனை சுலபம். தனியாக இருந்தால் சுவருக்கு எதிரே நிற்கும் காரில் சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

'ஊ... ஊ... ஊ...' என்று முனகிக்கொண்டே மெதுவாகச் சுற்றுவது குளிர்காலச் சத்தம். டெல்லியில் ஜனவரி விடியலில் 5, 6 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். அந்தக் குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வினை மந்தமாகிறது, இன்ஜின் ஆயிலும் தடித்துப்போகிறது. கொடுக்கிறவன் கை சுருங்கும் நேரத்தில் கேட்கிறவன் அதிகம் கேட்கிறான். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: பேட்டரியை உண்மையில் கெடுப்பது குளிர் கிடையாது. மே, ஜூனில் 45 டிகிரி வரை போகிற வெயில்தான் உள்ளே இருக்கும் தகடுகளை அரிக்கிறது. கோடையில் பட்ட அடி, இன்ஜினைச் சுற்ற அதிக பலம் தேவைப்படும் குளிர்காலத்தில் வெளியே தெரிகிறது. இங்கே கார் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வந்தால் நியாயமான ஆயுள்.

எந்தச் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் பேட்டரி முழுதாக இறங்கியிருக்கும் அல்லது டெர்மினல் கழன்றிருக்கும். பானட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரியின் முனைகளில் வெள்ளையோ நீலப் பச்சையோ ஆன பொடி பூத்திருந்தால் இணைப்பு கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கையால் தொடாதீர்கள், அது அமிலத்தோடு தொடர்புள்ள உப்பு. கிளாம்பை மெதுவாக அசைத்துப் பாருங்கள்; விரலுக்கே ஆடினால் நூற்றைம்பது ஆம்பியர் அதன் வழியாகப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பொடி நுரைத்துக் கரையும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். வரிசை மாறினால் ஸ்பானர் காரின் உடலில் பட்டுப் பொறி பறக்கும்.

விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஆனால் செல்ஃப் மட்டும் வாயே திறக்கவில்லையா? மெக்கானிக் முன்னால் மானம் போகாமல் இருக்க, முதலில் சின்னச் சின்னக் காரணங்களைப் பார்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை அழுத்தியிருக்க வேண்டும். பல மேனுவல் கார்களில் கிளச்சை அடிவரை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். காலுக்கடியில் மிதியடி சுருண்டு கிளச்சைத் தடுத்த கதைகள் நிறைய உண்டு. சாவியே திரும்பவில்லை என்றால் ஸ்டியரிங் லாக் ஆகியிருக்கும். ஸ்டியரிங்கை இடவலமாக லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினால் விட்டுவிடும்.

பனிமூட்டத்தில் நின்ற டீசல் கார்

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் மாமா ஒருவருடைய 2018 மாடல் டீசல் கார் ஒரு குளிர்காலத்தில் இப்படித்தான் நின்றது. காற்று மாசுக் கட்டுப்பாடு மூன்றாம் நிலைக்குப் போனால் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்களை (பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கான அரசுத் தரநிலை) டெல்லியில் எடுக்கக் கூடாது. அவருடையது பிஎஸ்-4, அவரும் ஒழுங்காக எடுக்காமல் வைத்திருந்தார். தடை விலகிய அன்று காலை போன்.

'சத்தம் என்ன வருது மாமா?'

'சத்தமா? டக்குனு ஒண்ணு. அப்புறம் அந்த கடிகாரம்கூட அணைஞ்சு போச்சுப்பா. மூணு வருஷம்கூட ஆகல பேட்டரி போட்டு, ஏமாத்திட்டான்.'

கடைக்காரன் ஏமாற்றவில்லை. கண்ணாடியின் பின்னால் ஒரு டாஷ்கேமரா, அதன் ஓரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று மினுங்கி மங்கிக்கொண்டிருந்தது. வண்டி நிற்கும்போதும் விழித்துக் காவல் காக்கிற மாதிரி யாரோ அதை பேட்டரியோடு நேராக இணைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு இதுதான். பூட்டி நிறுத்திய நவீன கார் அலாரம், கம்ப்யூட்டர் நினைவகம் போன்றவற்றுக்காகச் சுமார் 50 மில்லி ஆம்பியர் வரை குடிக்கலாம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. அறுபது ஆம்பியர் மணி பேட்டரி இதைச் சில வாரங்கள் தாங்கும். ஆனால் கால் ஆம்பியர் இழுக்கும் கேமரா ஒரு நாளைக்கு ஆறு ஆம்பியர் மணியை எடுத்துவிடுகிறது. பத்தே நாளில் கணக்கு தீர்ந்தது. டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தும் விகிதம் பெட்ரோலைவிட அதிகம், அதைச் சுற்றவே கூடுதல் பலம் வேண்டும், வெளியே குளிர் வேறு.

விளக்கை மறந்து அணைக்காமல் விட்டவர்களுக்கும் இதே கணக்கு உதவும். உள்ளே எரியும் 5 வாட் பல்பு கிட்டத்தட்ட 0.4 ஆம்பியர், ஒரு இரவில் ஆரோக்கியமான பேட்டரி சாகாது. பார்க்கிங் விளக்குகள் நான்கும் சேர்ந்து இரண்டு ஆம்பியருக்குப் பக்கம் வரும். சின்ன காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரி காலையில் தடுமாறும். பழைய ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் ஒன்பது ஆம்பியர். ஒரு சினிமா பார்த்துவிட்டு வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. தினமும் கார் ஓடுகிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது. வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரை இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் எடுத்த மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு நேரம் வேண்டும். ஐடிஓ சந்திப்பு நெரிசலில் ஹீட்டர், பின் கண்ணாடி டீஃபாகர், ஹெட்லைட் எல்லாம் போட்டுக்கொண்டு இன்ஜின் ஐடிலில் நின்றால் வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய்விடும். வாரத்தில் ஒரு நாளாவது நொய்டா எக்ஸ்பிரஸ்வே பக்கம் அரை மணிநேரம் ஓட்டிவிட்டு வந்தால் வண்டிக்கு நல்லது.

ஜம்ப் கொடுப்பது

சரி, பேட்டரிதான் என்று தெரிந்துவிட்டது. இன்னொரு காரிலிருந்து மின்சாரம் கடன் வாங்கலாம். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டும் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனை இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். அப்புறம் கறுப்பு கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில். நான்காவது முனையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்: அதை இறந்த பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டாமல், அதே காரின் இன்ஜினில் பெயின்ட் படாத வெற்று உலோகத்தில் மாட்ட வேண்டும், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் ஒரு பொறி வரும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும், அது எளிதில் வெடிக்கும். பொறி அங்கே விழக் கூடாது. நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதைத் திருப்புங்கள். கழற்றுவது இதே வரிசையில் பின்னோக்கி.

பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் காரின் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். சந்தேகம் இருந்தால் மாட்டாதீர்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் காரில் மட்டும். இரண்டாம் கியர், கிளச் மிதித்து, சாவி ஆன், ஓட்டம் கிடைத்ததும் கிளச்சைச் சட்டென விட வேண்டும். ஆட்டோமேட்டிக் காரை எத்தனை பேர் தள்ளினாலும் பலன் இல்லை. மேனுவலிலும் பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் இப்போதைய வண்டிகள் எடுக்காது. பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் உடனே பேட்டரி கடைக்கு ஓட வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பாதி விவாதம் முடிந்துவிடும். இரவு முழுக்க ஓய்வெடுத்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புது பேட்டரி போட்டாலும் அதுவும் சீக்கிரமே உட்கார்ந்துவிடும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடாகி அதுவும் சேர்ந்து போகும்.

பெட்ரோல் காரில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து, ஏசி ஊதலையும் பாட்டையும் அணைத்துவிட்டு, பின்சீட் பக்கம் காதைக் கொடுங்கள். இரண்டு விநாடி 'ஸ்ஸ்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று சந்தேகம் போகும்.

டெல்லியில் சிஎன்ஜி வண்டிக்காரர்கள் நிறைய என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான சிஎன்ஜி கார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகுதான் வாயுவுக்கு மாறும். டாடாவின் ஐசிஎன்ஜி மாதிரி நேராக வாயுவிலேயே ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் பின்னால் வந்தவை. வாயு மலிவு என்று டேங்கில் ஒரு லிட்டர் பெட்ரோலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கியிருந்தால்தான் குளிர்ச்சியாக இருக்கும்; வறண்டு ஓடினால் கருகும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலும் வீரியம் இழந்து எளிதில் பற்றாது. கால் டேங்க் பெட்ரோல் எப்போதும் இருக்கட்டும். அவ்வப்போது கொஞ்ச தூரம் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.

குளிரில் நின்ற காரை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்த இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டால், அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் வாடை அடிக்கலாம். குளிர்ந்த இன்ஜினுக்கு அதிகம் ஊற்றப்பட்ட பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்துவிட்டது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி சில விநாடி செல்ஃப் அடித்தால் பல இன்ஜெக்ஷன் கார்கள் பெட்ரோலை நிறுத்தி வெறும் காற்றை அனுப்பும். உள்ளே காய்ந்து பிடித்துவிடும். டீசல்காரர்கள் செய்ய வேண்டியது பொறுமைதான்: இன்ஜினுக்குள் சூடேற்றுவதைக் காட்டும், சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு டாஷ்போர்டில் அணைந்த பிறகு திருப்புங்கள்.

ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணைந்தால், அல்லது சாவி, பூட்டு படம் போட்ட விளக்கு மினுக்கினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியால் முயலுங்கள். பட்டன் வண்டிகளில் சாவிக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி, பல சாவிகளில் சிஆர்2032, தீர்ந்திருக்கும். அப்போதும் வழி உண்டு: பல கார்களில் சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிவைத்து அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும்.

எலியை மறந்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான பானட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடித்துவைக்கும். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி, இன்று டாஷ்போர்டில் ஏழெட்டு விளக்கு ஒன்றாக எரிந்தால், பானட்டுக்குள் புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யவே கூடாத நேரம்

மழைக்காலத்தில் டெல்லி மின்டோ பிரிட்ஜ் சுரங்கப்பாதையில் பேருந்து மூழ்கி நிற்கும் படம் அடிக்கடி செய்தியில் வரும். அந்த மாதிரி தண்ணீரில் உங்கள் வண்டி அணைந்தால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். காற்று போகும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் அதைத் தள்ளும் கம்பியான கனெக்டிங் ராடு வளையும். அணைந்த நிலையில் இழுத்துக்கொண்டு போயிருந்தால் சில ஆயிரத்தில் முடியும் செலவு, ஒரு முறை திருப்பியதால் இன்ஜினையே இறக்கும் வேலையாகிவிடும். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது, இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் அம்சம் எடுத்திருக்க வேண்டும். தண்ணீரில் திருப்பிப் பார்த்தீர்களா என்பதையும் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் விசாரிப்பார்.

அதேபோல், ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென அணைந்து, பிறகு செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால், பிஸ்டனும் வால்வுகளும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது 'காடி கராப் ஹை' (வண்டி கெட்டுப்போச்சு) என்று மட்டும் சொன்னால் அவர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வருவார். செல்ஃப் சுற்றவில்லை என்றால் 'செல்ஃப் நஹீ லே ரஹீ', சுற்றிப் பிடிக்கவில்லை என்றால் 'செல்ஃப் லே ரஹீ ஹை, ஸ்டார்ட் நஹீ ஹோ ரஹீ' என்று சொல்லுங்கள். முதலாவதைக் கேட்டால் பேட்டரியோடு வருவார், இரண்டாவதைக் கேட்டால் ஸ்கேனரோடு. பேட்டரி மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்துவிட்டால் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு மதிப்பு உண்டு. புதியதின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும், உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்பதையும் மெக்கானிக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.